கார்டு விற்பனை: விற்றதை எழுதுவதா, வங்கியில் விழுந்ததை எழுதுவதா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சனிக்கிழமை ராத்திரி கடை கட்டும் நேரத்தில் ஒரு துணிக்கடைக்குள் போய் நின்றால், கல்லாவில் மூன்று எண்கள் இருக்கும். பில் மெஷின் சொல்லும் அன்றைய மொத்தம், டிராயரில் எண்ணி வைத்த ரொக்கம், ஸ்வைப் மெஷின் கடைசியில் அச்சடித்துத் தரும் தாள். இந்த மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகும். திங்கட்கிழமை வங்கியில் விழும் நான்காவது எண்தான் சிக்கல், அது மற்ற எதோடும் ஒட்டாது, கொஞ்சம் குறைந்திருக்கும், சில சமயம் இரண்டு நாள் தொகை ஒன்றாக வந்திருக்கும், சில சமயம் வந்தே இருக்காது. இந்த நாலில் எதைப் பேரேட்டில் எழுதுவது, எந்தத் தேதி போட்டு எழுதுவது?

நான் வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் ஆறு கடைகளுக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுகிறவள். இதை எழுத மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான கடைகளுக்கு, வங்கிக்கும் விற்பனைக்கும் நடுவில் ஒரு கணக்கை வைத்து எழுதும் வழிதான் சரி. ஆனால் அது ஏன் என்று புரியாமல் செய்தால் அந்தக் கணக்கு இரண்டே மாதத்தில் குப்பைத்தொட்டி ஆகிவிடும், அதனால் மற்ற இரண்டு வழிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் பணம் எப்படி வருகிறது என்பது. கார்டைத் தேய்த்தோ செருகியோ தட்டியோ முடித்ததும் மெஷினில் வருவது பணம் அல்ல, அனுமதி மட்டும்தான். கார்டு கொடுத்த வங்கி 'சரி, இந்தத் தொகை இருக்கிறது, ஒதுக்கி வைத்திருக்கிறேன்' என்று 6 எழுத்தில் ஒரு அனுமதி எண் தருகிறது. அன்றிரவு மெஷினில் பேட்ச், அதாவது அன்றைய பரிவர்த்தனைகளின் கட்டு, மூடியதும் (இப்போது பல மெஷின்கள் தானாகவே மூடிவிடுகின்றன) அன்றைய பரிவர்த்தனைகள் மொத்தமாக மெஷின் கொடுத்த வங்கிக்குப் போகும், அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே வழியாகக் கார்டு கொடுத்த வங்கிகளுக்குப் போகும். பணம் திரும்பி வருவது அதற்கப்புறம், வழக்கமாக அடுத்த வேலை நாளில், எம்டிஆர் என்கிற கமிஷனைக் கழித்துக்கொண்டு. சில வங்கிகள் முழுத் தொகையையும் போட்டுவிட்டு கமிஷனை மாதக் கடைசியில் ஒரே பற்றாக எடுக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கு எழுதும் முறையே அதை வைத்துத்தான் மாறும்.

கமிஷன் எல்லாக் கார்டுக்கும் ஒன்று இல்லை. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மெஷினில் 0.40 சதவீதம், அதற்கு மேல் உள்ள கடைக்கு 0.90 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு முறையே 200 ரூபாய், 1,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆரே கிடையாது. கிரெடிட் கார்டுக்கு உச்சவரம்பு இல்லை, வங்கியும் கடையும் பேசிக்கொள்வதுதான். 'ரூபேக்குப் பிடிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே' என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, போய்ப் பார்த்தால் அது ரூபே கிரெடிட் கார்டாக இருக்கும். விலக்கு ரூபே டெபிட்டுக்குத்தான்.

அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதிலும் ஒரு விலக்கு இருக்கிறது, கணக்கு எழுதுகிறவர்கள் பலரும் தவறவிடும் விலக்கு: ஒரே பரிவர்த்தனையில் 2,000 ரூபாய் வரையிலான கார்டு தொகைக்கு மெஷின் கொடுத்த வங்கியின் சேவைக்கு ஜிஎஸ்டி இல்லை. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். கார்டில் மொத்தம் 80,000 ரூபாய் விற்பனை. அதில் 40,000 கிரெடிட் கார்டு, கமிஷன் 1.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 720 ரூபாய். 25,000 விசா, மாஸ்டர்கார்டு டெபிட், 0.90 சதவீதத்தில் 225 ரூபாய். மிச்சம் 15,000 ரூபே டெபிட், கமிஷன் இல்லை. ஆகக் கமிஷன் 945. எல்லா பில்லும் 2,000க்கு மேல் என்றால் ஜிஎஸ்டி 170 ரூபாய் 10 காசு. வங்கியில் விழுவது 78,884 ரூபாய் 90 காசு.

முதல் வழி: 78,884.90 விழுந்த அன்று அதையே வரவாக எழுதிவிடுவது. வடசென்னையில் நான் பார்த்த சின்னக் கடைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது. ஒரு கடையில் பாய் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏம்மா, பேங்க்ல விழுந்ததுதானே என் காசு? விழாததை எதுக்கு எழுதணும்?" கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஐந்து நிமிட வேலை, வங்கி ஸ்டேட்மெண்டோடு காசு சுத்தமாக ஒத்துப்போகும், புதுப் பையன்கூட எழுதிவிடலாம்.

ஆனால் விற்றது 80,000. ஜிஎஸ்டி கட்ட வேண்டியது வாடிக்கையாளரிடம் வாங்கிய முழு விலைக்கு, வங்கி கொடுத்த மிச்சத்துக்கு அல்ல. 78,884.90ஐ விற்பனை என்று எழுதினால் ரிட்டர்னில் விற்பனை குறைந்து போகிறது, பில் மெஷின் ஒரு தொகை சொல்லும், ரிட்டர்ன் இன்னொன்று சொல்லும். அப்படிக் குறையக்கூடாது என்று தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, விற்பனையை முழுசாக 80,000 என்று ரொக்க விற்பனையில் போட்டுவிட்டு, வங்கியில் வந்ததை ரொக்கம் கட்டியது மாதிரி கான்ட்ராவில் (ரொக்கத்துக்கும் வங்கிக்கும் நடுவில் பணம் மாறியதை எழுதும் வவுச்சர்) எழுதிவிடுகிறார்கள். வித்தியாசம் 1,115.10 கல்லாவில் இருப்பது போலவே ரொக்கக் கணக்கில் நிற்கும். ஒரு வருடம் ஓடினால் ரொக்கக் கணக்கில் லட்சக்கணக்கில் இல்லாத பணம் இருக்கும், மார்ச் வந்ததும் ஆடிட்டர் 'இந்தக் காசு எங்கே' என்று கேட்பார், யாரிடமும் பதில் இருக்காது. உத்தேச வருமானத் திட்டத்தில் (விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டி வருமான வரி கட்டும் முறை) கணக்குக் காட்டுகிற கடை என்றால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் லாபம் என்று காட்ட வேண்டும், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் போதும். கார்டில் வந்ததை ரொக்கம் என்று எழுதினால் அந்தச் சலுகையை நாமே கையால் தள்ளிவிடுகிறோம்.

அப்புறம் அந்த ஜிஎஸ்டி 170.10. ஒரு நாளைக்குப் பெரிதாகத் தெரியாது. கமிஷன் பிடிக்கும் கார்டுகளில் வருடத்துக்கு 1 கோடி விற்கும் கடை, எல்லா பில்லும் 2,000க்கு மேல், சராசரி 1.5 சதவீதம் என்றால் கமிஷன் 1,50,000, அதன் மேல் ஜிஎஸ்டி 27,000. முறையான ஜிஎஸ்டி பதிவுள்ள கடைக்கு இந்த 27,000 உள்ளீட்டு வரியாக (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரி) திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். முதல் வழியில் எழுதுகிறவருக்கு அப்படி ஒரு தொகை இருப்பதே தெரியாது. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் திட்டம்) இருக்கும் கடைக்கு உள்ளீட்டு வரி கிடையாது, அங்கே அதுவும் செலவுதான், ஆனாலும் செலவு என்று எழுதினால்தானே செலவு.

முதல் வழி யாருக்குப் போதும் என்றால், கார்டே அபூர்வமாக வரும் கடைக்கு. காசிமேட்டுப் பக்கம் ஐஸ், வலைக் கயிறு விற்கும் ஒருவர் நாளைக்கு இரண்டு முறை மெஷினை எடுக்கிறார், மற்றதெல்லாம் யுபிஐ, அதில் பிடித்தமே இல்லை. அவரிடம் போய் நடுக் கணக்கு பற்றிப் பாடம் எடுக்க மாட்டேன். மாதக் கடைசியில் கமிஷனை ஒரு ஜர்னலில் எழுதினால் போதும்.

இரண்டாவது வழிதான் நான் சொல்ல வந்தது. பேரேட்டில் 'கார்டு வரவேண்டியது' என்று ஒரு கணக்கு. விற்ற அன்றே 80,000ஐ அதில் பற்று வைத்து, விற்பனையையும் விற்பனை மேல் உள்ள ஜிஎஸ்டியையும் வரவு வைக்கிறோம். திங்கட்கிழமை பணம் வந்ததும் வங்கி பற்று 78,884.90, கார்டு கமிஷன் பற்று 945, உள்ளீட்டு ஜிஎஸ்டி பற்று 170.10, 'கார்டு வரவேண்டியது' வரவு 80,000. அந்த நாளின் கணக்கு அங்கே பூஜ்யமாகிறது. அவ்வளவுதான் முறை, ஒரு நாளைக்கு இரண்டு வவுச்சர்.

இதன் உயிரே அந்தப் பூஜ்யம்தான். வங்கிக் கணக்கு எப்போதும் பூஜ்யமாகாது, விற்பனைக் கணக்கும் ஆகாது, அதனால் அவற்றைப் பார்த்து எதுவும் தப்பியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆனால் நடுக் கணக்கில் நேற்றைய விற்பனைதான் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய் நின்றாலும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

என்ன நடக்கலாம் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்று. பெயர் வேண்டாம், ஒரு கடை, ஆடித் தள்ளுபடி நேரம். கீழ்த்தளத்தில் ஒரு மெஷின், மாடியில் ஒரு மெஷின். மாடி மெஷினில் பேட்ச் தானாக மூடும் வசதி இல்லை, வழக்கமாக மூடும் பையன் ஊருக்குப் போயிருந்தான், புதிதாக வந்தவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று நாள் பேட்ச் மூடவில்லை, நாலாவது நாள் மெஷின் பழுதாகி மாற்றிவிட்டார்கள். உள்ளே இருந்த 41,300 ரூபாய் போகவே இல்லை. கடையில் முதல் வழியில் கணக்கு, வந்ததை மட்டும் எழுதுகிறார்கள், வராதது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கீழ் மெஷினில் ஆடிக் கூட்டத்தில் பணம் நிறைய வந்துகொண்டிருந்ததால் குறைந்ததே யாருக்கும் உறைக்கவில்லை. ஜனவரியில் நான் அந்தக் கடைக்குக் கணக்கு எழுதப் போய், பழைய மாதங்களை நடுக் கணக்கு வைத்துத் திரும்ப எழுதியபோதுதான் 41,300 அப்படியே நின்றது. சார்ஜ் சிலிப்புகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தார்கள், தெர்மல் தாள், பாதி வெளுத்துப் போயிருந்தது. அனுமதி என்பது சில நாள்தான் நிற்கும், அதற்குள் தொகையைக் கேட்காவிட்டால் ஒதுக்கி வைத்த பணம் கார்டுக்காரரின் கணக்குக்கே திரும்பிவிடும். எழுதிக் கேட்டு, சிலிப் படித்துக் காட்டி, ஒரு பகுதிதான் கிடைத்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை மடிக்கிற பெண்களுக்கு அந்தக் கடையில் கொடுக்கும் மாதச் சம்பளத்தை நினைத்துப் பாருங்கள், 41,300 அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு மாதம் என்று. நடுக் கணக்கு இருந்திருந்தால் இரண்டாம் நாள் காலையிலேயே தெரிந்திருக்கும், மெஷின் அப்போது மாடியில்தான் இருந்தது.

இந்த வழியில் சறுக்கும் இடங்களும் இருக்கின்றன. முக்கியமானது, எல்லா மெஷினுக்கும் ஒரே நடுக் கணக்கு வைப்பது. ஒன்றில் 3,000 குறைந்து இன்னொன்றில் வேறு காரணத்தால் 3,000 கூடினால் மொத்தம் பூஜ்யமாகிவிடும், தப்பு இரண்டு இருக்கும்போது கணக்கு சரி என்று சொல்லும். எத்தனை கணக்கு வைப்பது என்றால், வங்கி ஸ்டேட்மெண்டில் கார்டு பணம் தினம் எத்தனை வரியாக விழுகிறதோ அத்தனை. ஒரு வங்கி இரண்டு மெஷினுக்கும் சேர்த்து ஒரே வரியாகப் போட்டால் ஒன்று போதும், மெஷின் வாரியாகப் போட்டால் மெஷினுக்கு ஒன்று. யுபிஐ க்யூஆர் பணத்தை இதில் கலக்கவே வேண்டாம், அதற்குத் தனி.

இன்னொன்று, வந்த வித்தியாசத்தை 1.18ஆல் வகுத்துக் கமிஷனையும் ஜிஎஸ்டியையும் பிரிப்பது. நம் சனிக்கிழமைக்கு இது சரியாகவே வரும், 1,115.10ஐ 1.18ஆல் வகுத்தால் 945. அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் 600 ரூபாய் நைட்டி, 900 ரூபாய் சட்டை என்று சின்ன பில்கள் கார்டில் வந்த நாளில் அவற்றின் கமிஷனுக்கு ஜிஎஸ்டியே கிடையாது, முன்னால் சொன்ன 2,000 ரூபாய் விலக்கு. வகுத்துப் பார்த்து எழுதினால் வாங்காத வரியை வாங்கியதாக எழுதிவிடுவோம். வங்கி அனுப்பும் செட்டில்மெண்ட் அறிக்கையில் (எந்த விற்பனைக்கு எவ்வளவு பிடித்து எவ்வளவு அனுப்பினார்கள் என்ற விவரம்) இரண்டும் தனித்தனிப் பத்தியாக இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். அந்த ஜிஎஸ்டியையும் உடனே உள்ளீட்டு வரியில் போடாமல் ஒரு தற்காலிகக் கணக்கில் வைத்து, ஜிஎஸ்டிஆர்-2பியில் (நமக்கு விற்றவர்கள் காட்டிய இன்வாய்ஸ்களை ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் பட்டியலிடும் அறிக்கை) வங்கியின் இன்வாய்ஸ் தெரிந்த பிறகு மாற்றுவது நல்லது. வங்கியிடம் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள், கொடுக்காவிட்டால் அது அங்கே தெரியவே தெரியாது. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடித்துக்கொள்வது) பற்றியும் கேட்கிறார்கள்: மெஷின் கொடுத்த வங்கி எடுக்கும் இந்தக் கமிஷனுக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று 2012லேயே அறிவிப்பு வந்துவிட்டது.

டேலி என்கிற கணக்கு மென்பொருளில் அந்தக் கணக்கை எந்தக் குழுவில் வைப்பது என்பதும் ஒரு தேர்வுதான். டேலியின் பிஓஎஸ் வவுச்சரில் பில் போடுகிற கடை என்றால், அதில் கார்டு வரிக்கு 'பேங்க் அக்கவுண்ட்ஸ்' குழுவில் உள்ள லெட்ஜரைத்தான் எடுக்கும், வேறு வழியில்லை. அதில் ஒரு வசதியும் உண்டு, வங்கி ஒப்பீடு செய்யும் திரையிலேயே ஒவ்வொரு நாளையும் டிக் அடித்துக்கொண்டு போகலாம். ஆனால் மார்ச் 31 அன்று ஐந்தொகையில் அது வங்கி இருப்பாகத் தெரியும், வங்கியில் இல்லாத பணம், அதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாதாரண விற்பனை வவுச்சரில் எழுதுகிறவர்கள் 'சண்ட்ரி டெட்டார்ஸ்' குழுவில் வைக்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும், நமக்கு இன்னொருவர் தர வேண்டிய பணம் என்ற உண்மையை அது அப்படியே சொல்கிறது.

மார்ச் 31 என்றதும் இன்னொன்று. ஏப்ரல் 1 வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள், வாடிக்கையாளர்களுக்கு விடுமுறை. மார்ச் 31 ராத்திரி விற்ற கார்டுத் தொகை பல கடைகளுக்கு ஏப்ரல் 2 அன்றுதான் விழுகிறது. மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமையாக வந்த வருடத்தில் மூன்று நாள் விற்பனை சேர்ந்து நின்றது, ரம்ஜான் நேரம் வேறு, எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லாத நாட்கள். முதல் வழியில் எழுதுகிற கடைக்கு அந்த விற்பனை மொத்தமும் அடுத்த நிதியாண்டுக்குத் தாவிவிடும், சரக்கு மட்டும் இந்த ஆண்டே குறைந்திருக்கும், லாபம் இங்கே ஒடிந்து அங்கே வீங்கும். நடுக் கணக்கில் அது மார்ச் 31 தேதிக்கு வரவேண்டிய பணமாக நேராக நிற்கும்.

மூன்றாவது வழி, ஒவ்வொரு பரிவர்த்தனையாக எழுதுவது. ஒவ்வொரு கார்டு பில்லுக்கும் ஒரு வரி, அதோடு மெஷின் எண், 12 இலக்க ஆர்ஆர்என் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள குறிப்பு எண்), அனுமதி எண். வங்கி அறிக்கையில் உள்ள ஆர்ஆர்என்னோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்ப்பது. நாளைக்கு 140 கார்டு பில் உள்ள கடையில் இதை நான் மூன்று மாதம் டேலிக்குள்ளேயே செய்து பார்த்தேன். தினம் ஒன்றரை மணி நேரம் போனது, பேரேடு பக்கம் பக்கமாக வளர்ந்தது, கடைசியில் நடுக் கணக்கில் என்ன நிற்கிறது என்று பார்க்கவே தனியாக ஒரு எக்செல் போட வேண்டியதாயிற்று.

ஆனால் இந்த வழியில் மட்டுமே தெரியும் விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிட முடியாது. பில் 2,450, மெஷினில் 2,540 என்று இலக்கம் மாறித் தட்டியது. இன்னும் மோசமானது, கல்லாவில் இருப்பவர் திரும்ப வராத சரக்குக்குத் தன் சொந்தக் கார்டில் ரீஃபண்ட் போட்டுக்கொள்வது. நாள் மொத்தத்தில் அது சாதாரண ரீஃபண்ட் மாதிரியே இருக்கும், எந்த பில்லுக்கு எந்தக் கார்டு என்று ஒன்றுக்கு ஒன்று பார்த்தால்தான் பிடிபடும். சார்ஜ்பேக்கும் அப்படித்தான். கார்டுக்காரர் 'இது நான் செய்ததில்லை' என்றோ 'பொருள் வரவில்லை' என்றோ தன் வங்கியில் புகார் கொடுத்தால், அந்தத் தொகை நம் செட்டில்மெண்டிலிருந்து கழிக்கப்படும், நாம் கெடுவுக்குள் பில்லும் சிலிப்பும் காட்டி வாதாட வேண்டும். எந்த பில் என்றே தெரியாவிட்டால் எதைக் காட்டுவது?

இந்த இடத்தில் வங்கிகள் தங்கள் பக்கம் எப்படி எழுதுகின்றன என்று பார்த்தது எனக்கு உதவியது. நம் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியிடம் ஒவ்வொரு தட்டலின் விவரமும் இருக்கிறது, ஆனால் அந்த விவரம் முழுதும் கார்டு செயலாக்க அமைப்பின் துணைப் பேரேட்டில் இருக்கிறது. பொதுப் பேரேட்டுக்குப் போவது கணக்கு வாரியாகத் திரட்டிய தொகைகள்தான். 1,000 ரூபாய் கிரெடிட் கார்டு விற்பனை, நம்மிடம் 1.8 சதவீதம் எடுக்கிறார்கள், அதில் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் இன்டர்சேஞ்ச் 1.5 சதவீதம் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியையும் நெட்வொர்க் கட்டணத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த வங்கியின் புத்தகத்தில் நெட்வொர்க்கிடமிருந்து வரவேண்டியது 985 பற்று, இன்டர்சேஞ்ச் செலவு 15 பற்று, கடைக்குத் தரவேண்டியது 982 வரவு, எம்டிஆர் வருமானம் 18 வரவு. 'கடைக்குத் தரவேண்டியது' என்ற அந்தக் கணக்கு நமக்குப் பணம் அனுப்பியதும் பூஜ்யமாக வேண்டும், நெட்வொர்க் கணக்கு அவர்களுக்குப் பணம் வந்ததும் பூஜ்யமாக வேண்டும். ஆகாமல் நிற்பதை ஒவ்வொரு நாளும் தோண்டிப் பார்க்கத் தனியாக ஆட்களே வைத்திருக்கிறார்கள். நம் 'கார்டு வரவேண்டியது' அவர்களுடைய 'கடைக்குத் தரவேண்டியது' கணக்கின் கண்ணாடிப் பிம்பம்.

கோடிக்கணக்கில் பரிவர்த்தனை பார்க்கும் அவர்களே பொதுப் பேரேட்டில் ஒவ்வொன்றாக எழுதுவதில்லை என்றால், நான் ஏன் டேலியில் 140 வரி எழுத வேண்டும்? அன்றோடு அதை நிறுத்தினேன். இப்போது விவரம் எல்லாம் வங்கி தரும் செட்டில்மெண்ட் கோப்பில், மாதத்துக்கு ஒரு ஃபோல்டர். டேலியில் மொத்தம் மட்டும். நடுக் கணக்கு பூஜ்யமாகாத நாளில் மட்டும் அந்த நாளின் கோப்பைத் திறந்து பில்லோடு பொருத்திப் பார்ப்பேன். ரீஃபண்டுகளை மட்டும் தினமும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், அதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை, பழைய பில் எண்ணும் முதலாளி கையெழுத்தும் இல்லாத ரீஃபண்டை அன்றே போய்க் கேட்டுவிடுவேன்.

ரீஃபண்ட் எழுதும்போது வாய்டையும் ரீஃபண்டையும் குழப்பக்கூடாது. பேட்ச் மூடுவதற்கு முன் ரத்து செய்தால் வாய்ட், அது செட்டில்மெண்டுக்கே போகாது, அதனால் நடுக் கணக்கிலும் வரக்கூடாது. மூடிய பிறகு என்றால் ரீஃபண்ட், அடுத்து வரும் பணத்தில் கழித்துக்கொள்வார்கள், அதை விற்பனைத் திருப்பம் என்று எழுதி நடுக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், பழைய கமிஷன் சில ஒப்பந்தங்களில் திரும்பாது. சார்ஜ்பேக் வந்தால் உடனே செலவில் எழுதாதீர்கள், 'தகராறில் உள்ள கார்டு தொகை' என்று ஒரு தனிக் கணக்குக்கு மாற்றுங்கள், முடிவு தெரிந்த பிறகு எங்கே போக வேண்டுமோ அங்கே போகட்டும். மெஷின் வாடகையைச் செட்டில்மெண்டிலேயே பிடித்திருந்தால் அதைக் கமிஷனோடு சேர்க்காமல் தனிச் செலவாக எழுதுங்கள்.

வாடிக்கையாளருக்குப் பணம் போய்விட்டது, சிலிப் வரவில்லை என்ற சண்டை கடையில் அடிக்கடி நடக்கும், அதுவும் மழைக்காலத்தில் நெட்வொர்க் போய்ப் போய் வரும்போது. அந்தத் தொகையை விற்பனையாக எழுதவே கூடாது. கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதி வராத பரிவர்த்தனையை 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கார்டுக்காரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லியிருக்கிறது. இதைக் கல்லாவில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுத்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

பில் மென்பொருளையும் ஸ்வைப் மெஷினையும் நேராக இணைத்து எல்லாம் தானாக விழும்படி செய்வது நாலாவது வழி என்று சொல்லலாம். தொகை மாறித் தட்டுவது நிற்கும், அது நல்ல லாபம். ஆனால் தானாக விழுந்தாலும் நடுக் கணக்கைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், பணம் வராததை எந்த மென்பொருளும் வரவழைக்காது. ஒரே கவுண்டர் உள்ள கடைக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். இரண்டு மாடி, நாலு கவுண்டர் என்றால் யோசிக்கலாம். நகைக்கடை, செல்போன் கடை மாதிரி ஒரு பில்லே 50,000, 1 லட்சம் போகிற இடத்தில் மட்டும் நான் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பொருத்திப் பார்க்கச் சொல்வேன். அங்கே பில் எண்ணிக்கை குறைவு, தப்பினால் போவது பெரிது.

மாற வேண்டும் என்று முடிவெடுத்தால் ஒரு மாதத்தின் 1ஆம் தேதியில் மாறுங்கள், நடு மாதத்தில் வேண்டாம். அன்று காலையில் தேய்த்தும் இன்னும் வராத தொகை எவ்வளவு என்று மெஷின் தாளை வைத்து மெஷின் வாரியாக எடுத்து, அதை நடுக் கணக்கின் முதல் இருப்பாகப் போடுங்கள். முதல் வாரத்தில் பூஜ்யமாகாமல் ஏதாவது நிற்கும், எனக்கு எல்லாக் கடையிலும் நின்றது. அதை ரவுண்ட் ஆஃப் என்றோ தள்ளுபடி என்றோ எழுதி முடித்துவிடாதீர்கள். 'பழைய கார்டு வித்தியாசம்' என்று தனிக் கணக்குக்கு, தேதியும் மெஷின் எண்ணும் குறிப்பில் எழுதி மாற்றி வையுங்கள். அப்புறம் அந்தத் தேதிகளின் செட்டில்மெண்ட் அறிக்கையை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள், சிலிப்புகளை வெளுத்துப் போவதற்கு முன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், மார்ச்சுக்குள் வராததை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளலாம்.